விமானம் விழுந்தால் மட்டும் திறக்கவும்

'தெரியாது' என்ற சொல்லை என் வாய் முதன்முதலாகச் சொன்னபோது எனக்கு வயது இருபத்தாறு. அதுவரைக்கும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வழி கேட்டவர்களை நம்பிக்கையோடு பிழையான தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன். வெறுமனே இருமிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளுக்கு வைத்தியம் சொல்லி, அதை ஒரேயடியாக நிற்க வைத்திருக்கிறேன். ஒரு செத்த வீட்டில் ஐயரையே திருத்தப் போயிருக்கிறேன். (அந்தப் பொடியன் இன்றைக்கு ஆரையம்பதிச் சந்தியில் என் முன்னால் வந்து நின்றால், கதைக்கவே மாட்டேன். கன்னத்தைப் பொத்தி ஒன்று வைப்பேன்.)

சுனாமியாகக் கடல் வந்து போய் இரண்டு மாதமாகியிருந்தது. மட்டக்களப்பு எங்கும் வெள்ளை வாகனங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி, ஒரு நீளமான அன்ரனா, உள்ளே வியர்த்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர். இங்கிலீஷில் நாலு வசனம் சேர்ந்தாற்போல் பேசக்கூடிய எவனுக்கும் வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் எனக்குச் செய்த ஒரே குற்றம் என்னை நம்பியதுதான்.

நேர்முகப் பரீட்சையில் மூன்று கேள்விகள். இங்கிலீஷ் தெரியுமா? ஓம். கம்பியூட்டர் தெரியுமா? ஓம். (தொட்டிருக்கிறேன்.) முதலுதவி தெரியுமா? "பள்ளிக்கூடத்திலேயே பழக்கம் இருக்கு சேர்" என்றேன். இது முழுப் பொய் அல்ல. பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் போட்டி அணிவகுப்பின்போது நான் வெயிலில் மயங்கி விழுந்தேன். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். முதலுதவியோடு எனக்கிருந்த தொடர்பு அவ்வளவுதான்.

களஞ்சிய உதவியாளர் என்று ஒரு பதவியும் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டையும் தந்தார்கள். அந்த அட்டையைப் போட்டுக்கொண்டு நான் குளிக்கப் போகாதது ஒன்றுதான் மிச்சம்.

களஞ்சியம் என்பது ஏறாவூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலை. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் டெறிக் சேர். புளியந்தீவுப் பறங்கியர், அரசாங்கத்தில் முப்பது வருடம் களஞ்சியம் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகம் அனுப்பிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் தூக்கிப் பிடித்து என்னைப் பார்ப்பார். கம்பளிக் கோட்டுகள் வந்தன. பனியில் நடக்கிற சப்பாத்துகள் வந்தன, அதுவும் இடதுகால் மட்டும். ஒருநாள் ஒரு பெரிய பெட்டி நிறையக் கழுத்துப்பட்டிகள் வந்தன. சேலையும் சாறனும் கடலோடு போய், உடுத்த துணியோடு நிற்கிற சனத்துக்குப் பட்டுக் கழுத்துப்பட்டி! டெறிக் சேர் அவற்றை அகதி முகாமுக்கு அனுப்பி, கூடாரத் தறப்பாள்களைக் கட்டச் சொன்னார். கயிறு அப்போது தட்டுப்பாடாக இருந்தது.

அப்படி ஒருநாள் வந்ததுதான் அந்தச் செம்மஞ்சள் பெட்டி. ஒரு சூட்கேஸ் அளவு. மூடியில் விமானப் படம் ஒன்று, சிவப்புச் சிலுவை ஒன்று, பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வசனம்.

டெறிக் சேர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். "விமான விபத்து அவசர முதலுதவிக்கு மட்டும். இதென்ன தம்பி, பிளேன் விழுந்தாத்தான் திறக்கணுமாமே?"

"நல்ல சாமான் சேர். சாதாரணப் பெட்டியில இல்லாததெல்லாம் இதில இரிக்கும்."

"நமக்கிட்டப் பிளேன் இரிக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப மூடி வை."

மூடி வைத்திருக்கலாம். ஆனால் அதே கிழமை கொழும்பிலிருந்து செய்தி வந்தது: சனிக்கிழமை பணம் தருகிற வெளிநாட்டார் மூன்று பேர் வாவிக்கரை முகாமைப் பார்க்க வருகிறார்கள், ஏதாவது ஒரு நிகழ்ச்சி வையுங்கள் என்று. டெறிக் சேர் பிள்ளைகளைப் பாடவைக்க நினைத்தார். நான் முந்திக்கொண்டு கையை உயர்த்தினேன்.

"முதலுதவிச் செய்முறை விளக்கம் ஒண்டு செய்வம் சேர். நான் செய்றன்."

 பாவம் மனிதர், சரி என்றார்.

முகாமுக்கு ஒரு நர்ஸ் நாளாந்தம் வந்து போவார். எல்லாருக்கும் அவர் றோகினி மிஸ்ஸி. வெள்ளிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, நாளைக்கு எனக்கு உதவியாக நிற்கச் சொல்லிக் கேட்டேன்.

"நான் ஊசி போட வந்தவ. நாடகம் போட வரல்ல" என்றார். ஆனாலும் பெட்டியைக் கிளறிப் பார்த்தார். பந்தனங்கள், துணிச்சுருள்கள், எரிகாயத்துக்குப் போடுகிற ஈரத்துணி, மெல்லிய வெள்ளித் தாளில் செய்த ஒரு போர்வை. அடியில் சாண் நீளத்தில் ஓர் உருளை. அதன் தலையில் ஒரு வளையம். உள்ளே இருந்த கைநூல் இங்கிலீஷும் இல்லை, எனக்குத் தெரிந்த வேறு எதுவும் இல்லை.

"இது என்ன தம்பி?"

"ஒட்சிசன், மிஸ்ஸி."

"இவ்வளவு சின்னனிலயா?"

"பிளேனில இடமில்லத்தானே. அதுக்கெண்டு சின்னனாச் செய்றாங்க."

"நீங்க பிளேனில போயிரிக்கீங்களா?"

"ஓம்." (மாமாவைக் கட்டாருக்கு ஏற்றிவிடக் கட்டுநாயக்காவுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு விமானத்தின் வால் தெரிந்தது.)

என் ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். உருளையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு மனிதன் உருளையைக் கையில் பிடித்திருக்கிறான். அதன் தலையிலிருந்து மேகம்போல ஒன்று வருகிறது. மேலே ஒரு விமானம். விமானத்தில் மூச்சு முட்டினால் ஒட்சிசன் தருவார்கள் என்று எனக்குக் கேள்விஞானம். ஆகவே மேகம் என்பது ஒட்சிசன். விமானம் என்பது விமானம். இதைவிடத் தெளிவாக ஒரு படம் எப்படிச் சொல்லும்?

"அந்த உருளையத் தொடாதீங்க" என்றார் மிஸ்ஸி. "திங்கக்கிழமை டொக்டர் வருவார். காட்டிப்போட்டுப் பாப்பம்."

"சரி மிஸ்ஸி" என்றேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும்.

சனிக்கிழமை பதினொரு மணி. மாசி முடிகிற வெயில். மூன்று விருந்தினரும் ஒரு கமெராவும் நீளமான மர வாங்கில் இருந்தார்கள். முகாம் சனம் முழுக்கச் சுற்றி நின்றது. வேறு வேலை இல்லாததால்தான் வந்தார்கள். நான் அதை என் பெயருக்குக் கிடைத்த கூட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

நோயாளியாகக் கிடக்கத் தங்கராசா அண்ணன் சம்மதித்திருந்தார். நாவலடிக்காரர். தோணியும் வலையும் கடலோடு போய், முகாமில் சும்மா இருக்கப் பைத்தியம் பிடிக்கிற நிலையில் இருந்தவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அந்த வெள்ளித் தாள மறுகா எனக்குத் தருவியா? தறப்பாளுக்கு மேல விரிச்சாப் புள்ளைகளுக்கு வெக்கை குறையும்."

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஏதாவது ஒன்றுக்கு உருப்படியான பயன் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். நான் பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

பாயில் அவரைக் கிடத்தி வேலையைத் தொடங்கினேன். கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். கைகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். தலையைச் சுற்றினேன். கூட்டம் ரசிப்பதுபோலத் தெரிந்ததால் இன்னும் சுற்றினேன். எரிகாயத் துணி முழுவதையும் பிரித்துக் கழுத்தில் வைத்தேன். துணிச்சுருள் எல்லாம் முடிந்தபோது அண்ணனின் மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. அதற்கு மேல் வெள்ளிப் போர்வையைப் போர்த்தி இறுக்கினேன்.

"தம்பி, வேகுது" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நோயாளி உளறுகிறார்" என்று நான் இங்கிலீஷில் விளக்கினேன். "இது அதிர்ச்சியின் அறிகுறி."

"அடேய், உண்மையா வேகுதுடா!"

"அதிர்ச்சி கூடுகிறது" என்றேன்.

மிஸ்ஸி தன் கூடாரத்து வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உருளையை எடுத்ததும் அவர் கை இறங்கியது. "தம்பி! அத வையுங்க!" என்று கத்திக்கொண்டு நடந்து வந்தார். நான் விருந்தினரைப் பார்த்து, "அடுத்ததாக, மூச்சுத் திணறுகிறவருக்கு ஒட்சிசன்" என்று அறிவித்து வளையத்தை இழுத்தேன்.

முதலில் 'ச்சீ' என்று ஒரு சத்தம். (என்னைப் பார்த்து அந்தப் பெட்டி சொன்ன முதல் அபிப்பிராயம்.) பிறகு செம்மஞ்சள் புகை. புகை என்றால் அடுப்புப் புகை அல்ல. பூசணிப்பூ நிறத்தில், கெட்டியாக, ஒரு தென்னை உயரத்துக்குக் குமுறிக்கொண்டு எழுந்தது. உருளை கையைச் சுட்டது. ஒட்சிசனை வீணாக்கக் கூடாது என்று ஒரு கணம் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? தோல் ஒட்டியபிறகுதான் விட்டேன். அது உருண்டு போய்த் தங்கராசா அண்ணனின் பாய்க்கு அருகில் நின்றது.

அண்ணன் எழுந்தார். எப்படி எழுந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கை கால் கட்டிய மனிதர், வெள்ளித் தாள் பளபளக்க, செம்மஞ்சள் புகைக்குள்ளிருந்து துள்ளித் துள்ளி வெளியே வந்தார். ஒவ்வொரு துள்ளலுக்கும் என் தாய் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை. விருந்தினரில் ஒருவர் கைதட்டினார். கமெரா 'கிளிக் கிளிக்' என்றது.

அதுவரைக்கும்தான் சிரிப்பு.

கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர்கள் கண்டது புகை, கேட்டது கத்தல். யாரோ ஒரு பெண், "கடல்!" என்றாள். ஒரு சொல்தான். இருநூறு பேர் ஒன்றாகத் திரும்பினார்கள். தாய்மார் கையில் அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள், யார் பிள்ளை என்றும் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்து ஓடினார்கள். அந்த முகங்களில் நான் கண்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் விளையாடிய விளையாட்டு என்னவென்று அப்போதுதான் என் மண்டையில் ஏறத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து ஹெலிகொப்டர் வந்தது. யாரோ பெரியவர்களை ஏற்றிக்கொண்டு அந்த நாட்களில் கரையோரமாக ஹெலிகொப்டர்கள் போய்வருவதுண்டு. மேலே போனது, புகையைக் கண்டு திரும்பியது. விழுந்து கிடப்பவர்கள் மேலே பறக்கிறவர்களுக்குத் தங்கள் இடத்தைக் காட்டக் கொளுத்துகிற புகையாம் அது, பிறகுதான் அறிந்தேன்.

எங்கள் சனத்துக்குக் கடலும் போரும் இரண்டு பாடங்களை அடித்துப் படிப்பித்திருந்தன. கடல் வந்தால் ஓடு. ஹெலிகொப்டர் வந்தால் நிலத்தில் படு. அன்றைக்கு என் புண்ணியத்தில் இரண்டும் ஒன்றாக வந்தன. பாதிப் பேர் ஓடினார்கள், பாதிப் பேர் விழுந்து படுத்தார்கள், ஓடினவர்கள் படுத்தவர்கள்மேல் தடக்கி விழுந்தார்கள்.

போய்விடு என்று சொல்வதற்காக நான் வெளிக்கு ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவதற்கு உலகம் முழுக்க 'உதவிக்கு வா' என்று அர்த்தமாம். ஹெலிகொப்டர் இன்னும் கீழே இறங்கியது. நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அது இன்னும் இறங்கியது.

விசிறிக் காற்று வந்து அடித்தது. பட்டுக் கழுத்துப்பட்டி எந்த முடிச்சையும் பிடித்துக்கொள்ளாது என்பதை அன்று கண்டோம். தறப்பாள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து பறந்தன. தங்கராசா அண்ணனின் வெள்ளிப் போர்வை உயரக் கிளம்பி, மினுங்கிக்கொண்டே வாவிக்கு மேலால் போனது. அண்ணன் துணி சுற்றிய தலையை நிமிர்த்தி அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் புத்தி வேலை செய்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். பூரணம் அக்கா. முகாமின் தலைவி, கல்லடியில் கருவாடு விற்றவர், குரலும் அதற்கேற்றது. தண்ணீர்த் தாங்கியின் மேடையில் ஏறி நின்று கத்தினார்.

"கடல் வரல்லகா! ஓடாதீங்க! ஒண்டும் இல்ல! இது நம்மட அட்டைத் தம்பிர புகை! புள்ளையளப் புடிச்சிக்கிட்டு அப்படியே இரிங்க!"

சனம் நின்றது. என் பெயரை எவரும் கேட்டதில்லை. கழுத்தில் அட்டையோடு திரிந்ததால் எனக்கு முகாமில் அதுதான் பெயர் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. ஹெலிகொப்டர் வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்தார், கீழே துணி சுற்றிய ஒரு மனிதன் துள்ளுவதைக் கண்டார், உள்ளே ஏதோ சொன்னார். அது மேலெழுந்து போய்விட்டது.

விமானம் விழுந்த பிறகு திறக்க வேண்டிய பெட்டியைத் திறந்து, நல்லபடியாகப் பறந்துகொண்டிருந்ததை நிலத்துக்கு அழைத்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மிஸ்ஸி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். உள்ளங்கை வெந்திருந்தது. எரிகாயத் துணி இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்தார். இல்லை. அது தங்கராசா அண்ணனின் நல்ல கழுத்தில், செம்மஞ்சள் நிறமாகித் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காயப்பட்டவர்களில் முழங்கால் உரசியவர்கள் பதினொரு பேர். அவர்களுக்குச் சுற்றவும் பெட்டியில் ஒரு முழம் துணி மிஞ்சவில்லை. மிஸ்ஸி தன் சொந்தப் பையிலிருந்து மருந்து போட்டார்.

எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார். என் கை இன்னும் வாளிக்குள் இருந்தது.

"தம்பி, உங்களுக்கு முதலுதவி தெரியுமா?"

"தெரியாது மிஸ்ஸி."

"இத நேத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

பூரணம் அக்கா குடும்பம் குடும்பமாக எண்ணினார். ஒருவர் குறைந்தார். சின்னத்தம்பி அப்பு, எழுபது தாண்டியவர், தனிக்கட்டை. கடலில் மகளையும் மருமகனையும் கொடுத்தவர். அக்கா என்னைப் பார்த்தார். நான் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தேன்.

ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனேன். கரடியனாற்றுப் பக்கம் போகிற வீதியில், இரண்டு பக்கமும் வயல் வட்டைகள் தொடங்குகிற இடத்தில் அவரைக் கண்டேன். செருப்பில்லாமல், திரும்பிப் பாராமல், மேற்கே நடந்துகொண்டிருந்தார். அந்தத் தூரத்தை அந்தக் கால்களால் எப்படிக் கடந்தார் என்று தெரியவில்லை. முன்னால் போய்ச் சைக்கிளை நிறுத்தினேன்.

"அப்பு, திரும்பி வாங்க."

"எந்த இடம்மட்டும் வந்த?" என்று கேட்டார்.

"என்ன அப்பு?"

"கடல்."

"கடல் வரல்ல அப்பு. அது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். செம்மஞ்சள் முகம், செம்மஞ்சள் சேட், கழுத்தில் அட்டை, ஒரு கையில் துணிக்கட்டு.

"நீயா?" என்றார். "உன்னப் பாத்தா நான் இவ்வளவு தூரம் ஓடின?"

எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வீதியோரம் குந்தி, உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளை எடுத்தார். பிறகு சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்: "நல்லாச் செய்தாய் மனே. நல்லாச் செய்தாய்." அது ஏச்சா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. ஏச்சு என்றே வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வேலையால் நிற்பாட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, அட்டையைக் கழற்றி டெறிக் சேரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் தள்ளினார்.

"உன்ன நிப்பாட்டினா நீ வேற எங்கயாவது போய், அங்கயும் எல்லாம் தெரியுமெண்டு சொல்லுவாய். அங்க எத்தின பேர் சாவானுகளோ. இஞ்சயே இரி. என்ட கண்ணுக்கு முன்னால இரி."

அதோடு உண்மையான கயிறு ஒரு கட்டு எங்கோ தேடிப் பிடித்து என் தோளில் போட்டார். இரண்டு கிழமை பூரணம் அக்காவுக்குக் கீழே வேலை செய்தேன். பறந்த தறப்பாள்கள் எல்லாவற்றையும் தங்கராசா அண்ணனும் நானும் கட்டினோம். அண்ணன் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. முகத்தில் செம்மஞ்சள் மறைந்த பிறகுதான் பேசினார். முதல் வார்த்தை, "என்ட வெள்ளித் தாள் எங்க?" என்பதுதான். அது வாவியில் விழுந்து போயிருந்தது. என் அறைக்கென்று வாங்கி வைத்திருந்த மின்விசிறியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகாமில் மின்சாரம் இல்லை என்பதை அவர்தான் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

பணம் தந்தவர்களுக்கு அந்த நாள் மிகவும் பிடித்துப் போயிற்று. வருட முடிவில் வழுவழுப்பான தாளில் ஒரு புத்தகம் அனுப்பினார்கள். நடுப்பக்கம் முழுவதும் தங்கராசா அண்ணன், புகைக்குள்ளிருந்து அந்தரத்தில் துள்ளியபடி. கீழே இங்கிலீஷில்: 'பாரம்பரிய நோய் தீர்க்கும் நடனம், கிழக்கு இலங்கை.' டெறிக் சேர் அதை வாசித்துவிட்டு முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்து முடிய, என்னைவிடப் பெரிய மடையர்கள் உலகத்தில் இருப்பதை இட்டு நான் ஆறுதல் அடையக் கூடாது என்றும் சொன்னார்.

கதை என்னை முந்திக்கொண்டு ஊர் ஊராகப் போனது. போர் முடிந்த அடுத்த வருடம் செங்கலடிக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் தாய்மாமன் பிளேன்டீக் கோப்பையைக் கையில் தந்துவிட்டு, என் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். "ஹெலிகொப்டர இறக்கின ஆள் நீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். உள்ளே யாரோ தாங்கமுடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளைத்தான் கட்டினேன்.

போன மாதம் என் மகள் குசினியில் வெங்காயம் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டாள். நான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டர் இருக்கிற மேசை லாச்சி என் முதுகுக்குப் பின்னால். அவள் விரலைப் பாவாடைக்குள் சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் என்னைக் கடந்து, வீதியைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போய், அங்கே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஏன் மகள், அப்பாட்டக் கேட்டிருக்கலாம்தானே?" என்றேன்.

"சின்ன வெட்டுத்தானப்பா" என்றாள். "ஹெலிகொப்டர் வாற அளவுக்கு இல்ல."